ஏர் ரைஃபிள் மக்கர் பண்ணும்போது: முதலில் எதைப் பார்ப்பது, எங்கே கையை எடுப்பது

அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு மேசை இருக்கிறது. மேலே ஒரு வைஸ், ஆலன் கீ செட், பூதக்கண்ணாடி, பாதி தீர்ந்த சிலிகான் கிரீஸ் டப்பா. பீன்யாவில் லேத் பட்டறையில் இருபத்தாறு வருஷம் ஓட்டிய கை என்பதால், பெங்களூரில் ஏர் ரைஃபிள் பழகும் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் யார் யாரோ சொல்லி இங்கே வந்துவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை படியேறி வருகிறவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: "சார், நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

பத்தில் ஏழு ரைஃபிள் ஆலன் கீயோடு முடிந்துவிடும். இரண்டுக்கு ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் போட வேண்டியிருக்கும். மிச்சம் ஒன்றுதான் உண்மையிலேயே ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்) கைக்குப் போக வேண்டியது. ஆனால் வருகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக யோசித்துக்கொண்டு வருகிறார்கள். காற்றின் அழுத்தத்தைச் சீராக்குகிற ரெகுலேட்டர் போய்விட்டது, பேரல் (குழல்) போய்விட்டது என்று முடிவு கட்டி, சிலர் பாதி கழற்றியும் விடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கீழே உங்கள் ரைஃபிளின் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம்.

ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ள முடியுமா என்று வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு வந்து கேட்கிற இளைஞர்களும் உண்டு. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அந்தப் பேச்சை நான் மாடிப்படியிலேயே முடித்துவிடுவேன். எடை போடுவது, அளவு பார்ப்பது, லாட் லாட்டாகச் சோதித்துக் குறித்துவைப்பது என்று அந்த வேலையில் அவர்களை இழுக்கிற சுகம் எல்லாம் ஏர் ரைஃபிளில் போடுகிற 4.5 மி.மீ. ஈயக் குண்டான பெல்லட்டிலேயே கிடைக்கும்.

இங்கே சொல்வது பத்து மீட்டர் போட்டிக்கான, சிலிண்டரில் காற்று அடைத்த ரைஃபிள்களைப் பற்றி. ஸ்பிரிங் ரைஃபிளுக்குக் கடைசிக்கு முன்னால் ஒரு சிறு பகுதி இருக்கிறது.

எதையும் தொடுவதற்கு முன்

பேரலின் பின்பக்கத்தை மூடுகிற போல்ட்டைத் திறந்து, பேரலில் பெல்லட் இல்லை என்று கண்ணால் பாருங்கள். விரல் ட்ரிகருக்கு வெளியே, பேரலின் வாய் எப்போதும் பெல்லட் டிராப் (சுட்ட பெல்லட்டைப் பிடித்துக்கொள்ளும் பெட்டி) பக்கம். அடுக்குமாடி வராந்தாவிலோ மொட்டை மாடியிலோ சோதிப்பதாக இருந்தால், டிராப்புக்குப் பின்னால் சுவர் இருக்க வேண்டும், கதவு இருக்கக் கூடாது. ஒன்றரைக் கோடி பேர் வாழ்கிற ஊரில் யாராவது ஒருவர் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வருவார். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் இட்லி மேல் வைக்காதீர்கள்.

அப்புறம் ஒரு பென்சில், ஒரு நோட்டு. எந்தத் திருகைத் தொட்டாலும், தொடுவதற்கு முன் அது இருந்த இடத்தைக் குறித்துவையுங்கள். இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசி வரை தெரியாது.

கோளாறு 1: க்ரூப் சிதறுகிறது

முன்பு பத்து ஷாட்டும் ஒரே ஓட்டையாக விழுந்த இடத்தில் இப்போது மூன்று நான்கு ஓட்டை. இதுதான் அதிகம் வருகிற புகார். இதில்தான் காசும் அதிகம் வீணாகிறது.

*முதலில்: ரைஃபிளா, ஆளா?*

அதே ரைஃபிளை, அதே டப்பா பெல்லட்டோடு, கிளப்பில் நன்றாகச் சுடுகிற இன்னொருவரிடம் கொடுத்து, மேசையில் மணல் பை வைத்துப் பத்து ஷாட் சுடச் சொல்லுங்கள். ஓட்டை ஒன்றாகிவிட்டால் ரைஃபிளுக்கு ஒன்றுமில்லை. பரீட்சை மாதத்தில் வருகிற ரைஃபிள்களில் பாதிக்கு இதுதான் பதில். பிள்ளைக்குத் தூக்கம் போதவில்லை. இதைப் பெற்றோரிடம் சொல்வதுதான் ஓ-ரிங் மாற்றுவதைவிடக் கஷ்டம்.

மணல் பை மேலும் சிதறினால் கீழே போங்கள்.

*பெல்லட்*

டப்பா மாறியதா? ஒரே பெயர், ஒரே எடை என்றாலும் டப்பாவின் பின்னால் உள்ள லாட் எண் வேறு என்றால் அது வேறு பெல்லட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். போட்டிப் பெல்லட் பெரும்பாலும் 0.53 கிராம்; தலை விட்டம் 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று வரும். அந்த நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரில் சில பேரல்கள் முகம் சுளிக்கும்.

சோதனை சுலபம். கண்ணாடித் துண்டு ஒன்றைச் சற்றே சாய்த்து வைத்து, பெல்லட்டை ஒவ்வொன்றாக உருட்டுங்கள். நல்ல பெல்லட் சீரான வளைவில் உருளும். பாவாடை (பெல்லட்டின் பின்பக்க விளிம்பு) நசுங்கியது தத்தித் தத்திப் போகும். ஒரு முறை புத்தம் புது டப்பாவில் நூறை உருட்டிப் பார்த்தேன், பதினெட்டு தத்தியது. டப்பா வரும் வழியில் எங்கோ கீழே விழுந்திருக்கிறது, மூடியின் ஓரத்திலும் சொட்டை தெரிந்தது. பெல்லட்டை டப்பாவிலிருந்து கொட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சுடுகிற பழக்கம் இருந்தால் அதை இன்றோடு விடுங்கள். மழைக்காலத்தில் வெள்ளைப் பொடி பூத்த பெல்லட்டை ஊதிப் பார்க்காதீர்கள். அது ஈயத்தின் துரு. டப்பாவோடு ஒதுக்கிவிடுங்கள்.

*ஸ்டாக் திருகுகள்*

பழைய, ஒத்துப்போன லாட்டிலும் சிதறினால் ஆலன் கீயை எடுங்கள். ரைஃபிளின் உடலை ஸ்டாக்கோடு (தோளில் வைத்துப் பிடிக்கிற பகுதி) பிடித்துவைக்கிற திருகுகள்தான் முதல் சந்தேகம்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண் ஒருத்தி, அப்பாவோடு லிங்கராஜபுரத்திலிருந்து வந்தாள். மூன்று வாரமாக க்ரூப் மேலும் கீழுமாக நீண்டுகொண்டே போகிறதாம். ரெகுலேட்டர் மாற்ற வேண்டும் என்று ஓர் இடத்தில் பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்து ரைஃபிளைக் கையில் வாங்கினேன். ஒரு கையால் ஸ்டாக்கையும் மறு கையால் பேரலின் அடிப்பகுதியையும் பிடித்து லேசாக முறுக்கியதும் "டிக்" என்று ஒரு சத்தம். முன் திருகு விரலாலேயே கால் சுற்று சுற்றியது. "எதுல கொண்டு வர்றீங்க?" என்றேன். ஸ்கூட்டர் கால் வைக்கும் இடத்தில் பெட்டியை நிறுத்திவைத்துக்கொண்டு, வாரம் ஐந்து நாள். நம் ரோட்டுப் பள்ளங்கள் செய்த வேலை. அவளையே இறுக்கச் சொன்னேன். மேசையில் பத்து ஷாட், ஒரே ஓட்டை. அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

எவ்வளவு இறுக்குவது? கையேட்டில் போட்டிருக்கிற அளவுக்கு. என் கைக்கு வந்தவற்றில் அது 3 முதல் 5 நியூட்டன் மீட்டருக்குள் இருந்தது. சைக்கிளுக்கு விற்கிற சின்ன டார்க் ரெஞ்ச் போதும். "நல்லா டைட்டா" என்று முழு பலத்தையும் போட்டால் அலுமினிய ஸ்டாக்கின் மரை போகும். அதே கையோடு பேரல் எடைக்கட்டி, முன் சைட் டனல், கன்னக் கட்டை, பட் பிளேட் எல்லாவற்றையும் ஒரு முறை அசைத்துப் பாருங்கள்.

*பேரல் அழுக்கு*

ஐந்நூறு முதல் ஆயிரம் ஷாட்டுக்கு ஒரு முறை ஃபெல்ட் (கம்பளித் துணிக் குண்டு) விட்டுச் சுத்தம் செய்தால் போதும். இரண்டு மூன்று ஃபெல்ட்டைச் சேர்த்துப் போட்டு, டிராப்பில் சுடுங்கள். கறுப்பாக வந்தால் இன்னொரு தடவை. அதன் பின் பத்துப் பெல்லட் சும்மா சுட்ட பிறகே க்ரூப்பை நம்புங்கள். துடைத்த பேரல் சற்று நேரம் முரண்டு பிடிக்கும். பித்தளை பிரஷ், எஃகுக் கம்பி, மண்ணெண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது.

*ப்ரீச் ஓ-ரிங்*

பெல்லட்டுக்குப் பின்னால் காற்று கசியாமல் அடைக்கிற சின்ன வளையம். டிஷ்யூ பேப்பரை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து, போல்ட் மூடுகிற இடத்தின் மேல் தொங்கவிட்டுச் சுடுங்கள். தாள் படபடத்தால் கசிகிறது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் வளையத்தில் வெட்டோ தட்டையோ தெரியும். மாற்றுவது சுலபம். ஆனால் அளவு ஒத்துப்போகிறதே என்று எஸ்.பி. ரோட்டில் கைக்குக் கிடைத்ததை வாங்கிப் போடாதீர்கள். விட்டம், தடிமன், கடினத்தன்மை மூன்றும் பொருந்த வேண்டும். ப்ரீச்சுக்கு நிறுவனத்தின் சொந்த வளையமே நல்லது. அதன் விலை கொஞ்சம்தான். பழையதை எடுக்கக் குத்தூசி வேண்டாம், பல்குச்சி போதும். ஊசி முனை பள்ளத்தில் கீறல் போட்டால் புது வளையமும் கசியும்.

*இங்கே நிறுத்துங்கள்*

இவ்வளவுக்கும் பிறகும் சிதறினால் பேரல் வாயின் விளிம்பு அடிபட்டிருக்கலாம், அல்லது வேகம் ஏறி இறங்கலாம். விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்க்கலாம். கை வைக்கக் கூடாது. வேகத்துக்கு கோளாறு 3 பாருங்கள்.

கோளாறு 2: க்ரூப் இறுக்கமாக இருக்கிறது, ஆனால் இடம் மாறிவிட்டது

இது நல்ல செய்தி. காற்றும் பேரலும் சரியாக இருக்கின்றன, பார்வைப் பக்கம்தான் ஏதோ நகர்ந்திருக்கிறது.

வெளிச்சம்: நேற்று ரேஞ்சின் குழல் விளக்கில் சுட்டதையும் இன்று மொட்டை மாடி வெயிலில் சுட்டதையும் ஒப்பிடாதீர்கள். வெளிச்சம் மாறினால் கறுப்பு வட்டம் கண்ணுக்குத் தெரிகிற விதமும் மாறும், ஷாட்டும் நகரும்.

கன்னம்: கன்னக் கட்டையின் உயரத்தை யாராவது தொட்டார்களா? அண்ணன் தம்பி இருவரும் ஒரே ரைஃபிள் சுடுகிற வீட்டில் முதல் கேள்வி இதுதான். அளவுக்கோட்டை பெயின்ட் மார்க்கரால் குறித்துவையுங்கள்.

டயாப்டர்: அதாவது பின் சைட். அதை இரண்டு விரலால் பிடித்து எல்லாப் பக்கமும் ஆட்டுங்கள். ரெயிலில் அசைந்தால் இறுக்குங்கள். அசையவில்லையா, பெட்டிச் சோதனை செய்யுங்கள். ஐந்து ஷாட், பத்து க்ளிக் மேலே, ஐந்து ஷாட், பத்து வலது, ஐந்து ஷாட், பத்து கீழே, ஐந்து ஷாட், பத்து இடது. கடைசி ஐந்து ஷாட், முதல் ஐந்து விழுந்த இடத்திலேயே விழ வேண்டும். விழவில்லை என்றால் உள்ளே திருகுமரை தேய்ந்திருக்கிறது. டயாப்டரைத் திறக்காதீர்கள், உள்ளே இருக்கிற குண்டூசித் தலை அளவு எஃகு உருண்டையும் ஸ்பிரிங்கும் பறந்தால் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேட வேண்டிவரும். எனக்கு அந்த அனுபவம் உண்டு. தேடியது என் சம்சாரம்.

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்டில் வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ. தசமக் கணக்கில் 0.1 புள்ளி என்பது கால் மில்லிமீட்டர். முன் சைட்டின் வளையம் சற்றே சாய்ந்து மாட்டப்பட்டிருந்தாலும் அது கணக்கில் தெரியும்.

கோளாறு 3: முதல் ஷாட் மட்டும் தனியே போகிறது

ஐந்து பத்து நிமிடம் ரைஃபிள் சும்மா இருக்கிறது. அதன் பின் வருகிற முதல் ஷாட் உயரத்தில் விலகுகிறது. அடுத்தவை ஒன்றாக விழுகின்றன.

முதலில் மனிதக் காரணம். ஓய்வுக்குப் பின் முதல் ஷாட்டில் தோள் இன்னும் அமரவில்லை. இரண்டு ஷாட் ட்ரை ஃபயர் (காற்று வராமல் ட்ரிகரை மட்டும் அழுத்துவது) செய்துவிட்டு மூன்றாவதாகப் பெல்லட் போட்டுப் பாருங்கள். விலகல் போய்விட்டால் ரைஃபிளை மன்னித்துவிடலாம்.

போகவில்லை என்றால் ரெகுலேட்டர் மேல் சந்தேகம் வருகிறது. சும்மா இருக்கும் நேரத்தில் காற்று மெல்ல அதன் வழியே கசிந்து முன் அறையில் அழுத்தம் ஏறினால் முதல் ஷாட்டின் வேகம் மாறும். இதற்கு வேகமானி வேண்டும். கிளப்பில் யாரிடமாவது இருக்கும். போட்டி ரைஃபிள் வினாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் சுடும். இருபது ஷாட் சுட்டு எழுதுங்கள். அரை மணி விட்டு இன்னும் ஐந்து. இருபதில் அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் 3 மீட்டருக்குள் இருந்தால் நான் பெட்டியை மூடிவிடுவேன். வினாடிக்கு 5 மீட்டர் குறைந்தால் பத்து மீட்டரில் பெல்லட் கிட்டத்தட்ட 1 மி.மீ. கீழே விழும். அது 0.4 புள்ளி. அறுபது ஷாட் போட்டியில் யோசித்துப் பாருங்கள்.

ரெகுலேட்டர்தான் என்று எண் காட்டினால், அத்தோடு உங்கள் வேலை முடிந்தது. உள்ளே வட்டு வட்டாக அடுக்கிய ஸ்பிரிங்குகள், ஒவ்வொன்றும் குறிப்பிட்ட திசையில். அதன் திருகைச் சுற்றி வேகத்தைக் கூட்டப் பார்த்த ஒரு ரைஃபிள் என்னிடம் வந்தது. நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அழுத்தக் கருவி இல்லாமல் அதைத் தொடுவதற்கு எனக்கும் உரிமை கிடையாது.

கோளாறு 4: காற்று நிற்கவில்லை

"ராத்திரி 200 இருந்தது, காலைல 188." இந்த வாக்கியத்தைக் கேட்டதும் நான் கேட்பது: "எப்ப ரொப்பினீங்க?"

*கசிவே இல்லாத கசிவு*

காற்றை வேகமாக அடைத்தால் சிலிண்டர் சூடாகும். சூட்டில் கேஜ் (அழுத்தமானி) 200 பார் காட்டும். ஆறியதும் 185, 190 என்று இறங்கும். கசியவில்லை, ஆறியிருக்கிறது. வால்வை ஒரு நூல் அளவு மட்டும் திறந்து, நிதானமாக நிரப்புங்கள். சிலிண்டர் கையில் சுட்டால் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆறிய பின் வேண்டுமானால் கொஞ்சம் சேர்த்து, 200ஐத் தாண்டாமல் நிறுத்துங்கள்.

ஊர் மாறினாலும் இதே கதை. இங்கே 25 டிகிரியில் 200 பார் அடைத்து, ஜனவரியில் டெல்லி துக்ளகாபாத்தில் இருக்கிற கர்ணி சிங் ரேஞ்சில் 8 டிகிரி காலையில் பெட்டியைத் திறந்தால் 189 பக்கம்தான் காட்டும். போட்டிக்கு முந்தின இரவு ஹோட்டலிலிருந்து போன் போட்டு அழுத பையனுக்கு இதைச் சொல்லித்தான் தூங்கவைத்தேன்.

*உண்மையான கசிவா என்று பார்க்க*

இரண்டு நாள், ஒரே நேரத்தில், கேஜைப் பார்த்து எழுதுங்கள். முதல் இரவு சிலிண்டர் ரைஃபிளில் மாட்டியபடி. இரண்டாம் இரவு கழற்றி வைத்து. (அழுத்தத்தோடு கழற்றலாம் என்று உங்கள் கையேடு சொன்னால் மட்டும்.)

கழற்றி வைத்தபோதும் இறங்கினால் சிலிண்டர் வால்வு அல்லது கேஜ். பாத்திரம் கழுவும் சோப்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் இணைப்புகளில் தடவுங்கள். குமிழி வருகிற இடம்தான் குற்றவாளி. முழுதாகத் தண்ணீர் வாளியில் முக்காதீர்கள். இந்த இரண்டையும் நீங்கள் சரிசெய்ய முடியாது. காற்றை வெளியேற்றி ஆர்மரரிடம் கொடுங்கள்.

மாட்டினால் மட்டும் இறங்கினால் ரைஃபிள் பக்கம். முதலில் சிலிண்டர் திருகும் இடத்தில் உள்ள ஓ-ரிங். காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள், சிலிகான் கிரீஸைத் தீக்குச்சி முனை அளவு தடவுங்கள். இங்கே 90 ஷோர் கடினத்தன்மை உள்ள வளையம்தான் போட வேண்டும். அதைவிட மிருதுவானது 200 பாரில் பிதுங்கும். அப்படியும் நிற்கவில்லையா? பெல்லட் இல்லாமல், போல்ட் மூடி, பேரல் வாயில் ஒரு பலூனை மாட்டி அரை மணி விடுங்கள். பலூன் மெல்ல எழுந்து நின்றால் உள்ளே ஃபயரிங் வால்வு கசிகிறது. அதுவும் ஆர்மரர் வேலை.

*எந்தச் சூழ்நிலையிலும் செய்யக் கூடாதவை*

சிலிண்டர் வாய், அடாப்டர், பம்ப் எதிலும் தையல் மெஷின் எண்ணெயோ என்ஜின் ஆயிலோ விடக் கூடாது. உயர் அழுத்தக் காற்றில் எண்ணெய் தானே தீப்பற்றும். வெல்டிங் கடையில் ஆக்ஸிஜன் அடைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது வெடிகுண்டு. உலர்ந்த, வடிகட்டிய சாதாரணக் காற்று மட்டும்.

சிலிண்டர் மேல் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். பல நிறுவனங்கள் 10 ஆண்டுதான் ஆயுள் தருகின்றன. தேதி தாண்டியதைப் போட்டியில் கருவிப் பரிசோதனையிலும் விடமாட்டார்கள், நானும் நிரப்பித் தரமாட்டேன். ரைஃபிளைச் செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்கள் பேரலைப் பார்ப்பதற்கு முன் இந்தத் தேதியைப் பாருங்கள். சொட்டை விழுந்த சிலிண்டருக்கும் இதே நியாயம்.

கைப்பம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜூன் முதல் அக்டோபர் வரை இங்கே காற்றில் ஈரம். ஐந்து நிமிடம் அடித்தால் பத்து நிமிடம் ஆறவிட்டு, பம்பின் வடிகால் திருகைத் திறந்து நீரை வெளியேற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த நீர் ரெகுலேட்டரில் போய் உட்காரும்.

கோளாறு 5: ட்ரிகர் அழுத்தினால் "டிக்" மட்டும், பெல்லட் போகவில்லை

சிரிக்காதீர்கள், முதலில் ட்ரை ஃபயர் லீவரைப் பாருங்கள். பயிற்சி நிலையில் இருந்தால் ட்ரிகர் மட்டும் வேலை செய்யும், காற்று வராது. மூன்று பேர் இதற்காக வைட்ஃபீல்டிலிருந்து அல்சூர் வரை வந்திருக்கிறார்கள். அடுத்து கேஜ். ஊசி பச்சைக்குக் கீழே இறங்கியிருந்தால் காற்று போதாது.

சத்தம் மந்தமாக வந்து, டார்கெட்டில் ஓட்டை இல்லை என்றால் பெல்லட் பேரலுக்குள்ளேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றைப் போடாதீர்கள். காற்றை நிரப்பி, பெல்லட் போடாமல், டிராப்பை நோக்கி ஒரு முறை சுட்டால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். வரவில்லை என்றால் சிலிண்டரைக் கழற்றி, மிச்சக் காற்றையும் சுட்டு வெளியேற்றி, போல்ட்டைத் திறந்து, பிளாஸ்டிக் உறை போட்ட கிளீனிங் ராடால் வாய்ப் பக்கமிருந்து மெல்லத் தள்ளுங்கள். நேராக, முறுக்காமல். வருகிற பேரல்களில் வாய் விளிம்பு கெட்டிருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: குடைக் கம்பி. வீட்டில் 4.5 மில்லிமீட்டருக்குள் நுழைகிற நீளமான பொருள் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

ராடுக்கு அசையாவிட்டால் சுத்தியலைத் தேடாதீர்கள். அப்படியே கொண்டுபோங்கள்.

கோளாறு 6: ட்ரிகர் மாறிவிட்டது

இரண்டு நிலை ட்ரிகரில் முதல் நிலைக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஒரு "சுவர்" தெரிய வேண்டும். அந்தச் சுவர் காணாமல் போய்விட்டால், கையேட்டில் ட்ரிகர் படத்தைப் பார்த்து எந்தத் திருகு எதற்கு என்று தெரிந்துகொண்டு, கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருத்தலாம்.

டிசம்பரில் ஒரு சார் வந்தார். காலையில் ட்ரிகர் மந்தமாக இருக்கிறது, மதியம் சரியாகிவிடுகிறது என்றார். முகர்ந்து பார்த்தேன், சமையலறை வாசம். "என்ன சார் போட்டீங்க?" "தேங்கா எண்ணெய்தான், ப்யூர்." தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். பெங்களூரில் மார்கழிக் காலை 15, 16 டிகிரி. பாட்டிலில் வெள்ளையாக நிற்பது ட்ரிகருக்குள்ளும் நின்றிருக்கிறது. முழுதாகக் கழற்றி அலசி எடுக்க ஆர்மரருக்கு அரை நாள் ஆனது. ட்ரிகருக்குள் நீங்களாக எந்த எண்ணெயும் விட வேண்டாம்.

*உடனே நிறுத்த வேண்டியது*

பெல்லட் இல்லாமல், வாய் டிராப்பை நோக்கி, காக் செய்து (சுடுவதற்குத் தயாராக ஏற்றி) போல்ட்டை மூடுங்கள். பத்து முறை. ஒரு தடவையாவது விரல் படாமல் ட்ரிகர் விழுந்தால், அல்லது பட் பிளேட்டைக் கையால் லேசாகத் தட்டும்போது விழுந்தால், அந்த ரைஃபிளை இனி யாரும் தொடக் கூடாது. காற்றை வெளியேற்றி, பெட்டியில் வைத்து, மேலே "சுடாதே" என்று தாள் ஒட்டுங்கள். ட்ரிகரின் வெயிட்டை (அழுத்தத் தேவைப்படும் விசையை) குறைத்துக்கொண்டே போனவர்களின் ட்ரிகரில்தான் இது அதிகம் நடக்கும்.

ஸ்பிரிங் ரைஃபிள்: புகையும் வெடிச் சத்தமும்

பழகத் தொடங்குகிறவர்கள் வைத்திருக்கிற, பேரலை மடித்து ஏற்றுகிற வகை. சுடும்போது புகையும் பட்டாசுச் சத்தமும் வந்தால் பிஸ்டன் அறைக்குள் எண்ணெய் போய் எரிகிறது. எண்ணெய் விடுவதை நிறுத்தி இருபது முப்பது பெல்லட் சுட்டால் பெரும்பாலும் அடங்கும். அடங்கவில்லை, அல்லது வேகம் குறைந்து "டங்" என்று ஸ்பிரிங் சத்தம் கேட்டால் சீலோ ஸ்பிரிங்கோ போயிருக்கிறது. அந்த ஸ்பிரிங் அழுத்தத்தில் அடைபட்டது. கம்ப்ரஸர் கருவி இல்லாமல் பின் மூடியைக் கழற்றினால் முகத்துக்கு வரும். பெல்லட் இல்லாமல் இந்த வகையைச் சும்மா சுடுவதும் கூடாது.

ஆர்மரரிடம் அனுப்பும்போது

காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். விமானத்தில் போவதாக இருந்தால் சிலிண்டர் காலி என்று காட்டும்படி தனியே கழற்றி வையுங்கள், விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திருகிக் கழன்று விழக்கூடிய டயாப்டரையும் எடைக்கட்டிகளையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், சைட்டில் கோளாறு இல்லை என்றால்.

பெட்டிக்குள் ஒரு தாள். ரைஃபிளின் சீரியல் எண், வாங்கிய வருஷம், தோராயமாக எத்தனை ஆயிரம் ஷாட், பெல்லட் பெயரும் லாட்டும், வேகமானி எண்கள் இருந்தால் அவை, சுட்ட டார்கெட் ஒன்று. அதன் கீழே, நீங்கள் எந்தெந்தத் திருகைத் தொட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். மறைத்துப் பயனில்லை. ஆர்மரர் திருகின் தலையைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.